ஸ்லோவேனியா: இரவு தங்கும் ஊரை மாற்றிக்கொண்டே போங்கள்

ஸ்லோவேனியா போகப்போவதாக யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது "எந்தப் பக்கம்?" என்றுதான். "லியுப்லியானாவில் ரூம் போட்டிருக்கோம். சின்ன நாடுதானே, ஏரி, குகை, கடல் எல்லாத்தையும் அங்கிருந்தே போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்ல?" என்று பதில் வரும். மேப்பைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். மொத்தப் பரப்பு 20,271 சதுர கிலோமீட்டர், மக்கள் தொகை சுமார் 21 லட்சம். தலைநகரான லியுப்லியானாவிலிருந்து பிளெட் ஏரி ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். கடற்கரைக்குச் சுமார் 120 கிலோமீட்டர். ஆனால் காலையில் கிளம்பி இரவு அதே அறைக்குத் திரும்புகிறவர் எல்லா ஊரையும் ஒரே நேரத்தில்தான் பார்க்கிறார்: சுற்றுலா பஸ்கள் வந்து நிற்கும் பதினொன்றிலிருந்து நான்கு மணிக்குள். அந்த நேரத்தில் எந்த ஊரும் தன் முகத்தைக் காட்டாது.

இந்த நாட்டை ஒரே நாடாக நினைத்துத் திட்டம் போடக் கூடாது என்பது என் அனுபவம். வடமேற்கில் ஆல்ப்ஸ். தென்மேற்கில் உள்ளுக்குள் குடைந்துபோன சுண்ணாம்புப் பாறை நிலம். அதைத் தாண்டினால் ஐம்பது கிலோமீட்டர்கூடத் தேறாத ஏட்ரியாட்டிக் கரை. கிழக்கே போகப் போகத் திராட்சை மேடுகள், கடைசியில் ஹங்கேரி வரை நீளும் சமவெளி. இந்த நிலங்களை ஆண்டவர்களும் வேறு வேறு. உள்நாடு நூற்றாண்டுக் கணக்கில் ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் மன்னர்களிடம் இருந்தது. கடற்கரை ஊர்கள் 1797 வரை வெனிஸ் குடியரசின் கீழ். கிழக்கு ஓரத்து ப்ரெக்முரியே ஹங்கேரியோடு இருந்தது. முதல் உலகப்போருக்குப் பிறகு மேற்குப் பகுதி முழுக்க இத்தாலிக்குப் போய், இரண்டாம் போருக்குப் பின்தான் யூகோஸ்லாவியாவுக்கு வந்தது. தனி நாடானது 1991ல். ஆகவே நூறு கிலோமீட்டர் தள்ளிப் போனால் சாப்பாடு மாறும், வீட்டுக் கூரை மாறும், பெயர்ப் பலகையில் இருக்கும் இரண்டாவது மொழியும் மாறும்.

நாங்கள் ஜெர்மனியின் தென்பகுதியில் இருப்பதால் காரிலேயே போய்விட முடிகிறது. வெவ்வேறு பருவங்களில் போயிருக்கிறோம். சில பயணங்களில் தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த அம்மாவும் கூட. அம்மா சைவம். முழங்கால் வலி உண்டு. அந்த இரண்டையும் வைத்துத்தான் எங்கள் திட்டங்கள் எல்லாமே. வயதானவர்களை அழைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு அதனாலேயே இது கொஞ்சம் கூடுதலாக உதவலாம்.

லியுப்லியானாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது சுலபமான ஊர். நகர மையத்துக்குள் கார் கிடையாது, நடந்தே முடித்துவிடலாம். மூன்று பாலம், நதிக்கரைப் படிகள், மையச் சந்தை, தேசிய நூலகம் என்று கண்ணில் படுவதில் பாதி யோஷே பிளெச்னிக் என்ற ஒரே கட்டடக் கலைஞரின் கைவண்ணம். அவருடைய பணிகளை 2021ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வந்து இறங்கும் இரவும் அடுத்த நாளும் இங்கே இருந்தால் போதும். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் இந்தப் பள்ளத்தில் பனிமூட்டம் நாள் கணக்கில் உட்கார்ந்துகொள்ளும். அந்த மாதங்களில் ஹோட்டல் ஜன்னலைப் பார்த்து அன்றைய பயணத்தை ரத்து செய்யாதீர்கள். மலைக்கு மேலேயும் கடலோரத்திலும் அதே நேரம் நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

அப்புறம் பிளெட். நடுவில் தீவு, தீவில் தேவாலயம், மேலே பாறை உச்சியில் கோட்டை. படத்தில் பார்த்ததைவிட நேரில் அழகு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ப்ளெட்னா என்ற கூரை போட்ட மரப்படகில் துடுப்புக்காரர் நின்றுகொண்டே வலித்துத் தீவுக்குக் கூட்டிப் போவார். தீவில் இறங்கியதும் 99 படிகள். முழங்கால் வலி இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு படகில் ஏறுவது நல்லது. அம்மா படகிலிருந்து இறங்கிக் கீழேயே உட்கார்ந்து மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. பிளெட்டைப் பார்க்கச் சரியான நேரம் காலை எட்டு மணிக்கு முன். ஏரியைச் சுற்றிவரும் பாதை சுமார் ஆறு கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம்.

தங்குவதென்றால் இன்னும் 25 கிலோமீட்டர் மேலே போய் போஹின் ஏரியில் தங்குங்கள். நாட்டின் ஒரே தேசியப் பூங்காவான திரிக்லவ் பூங்காவுக்குள் இருக்கும் ஏரி இது. கரையில் பெரிய ஹோட்டல் வரிசை கிடையாது, தண்ணீரில் மோட்டார் படகுச் சத்தம் கிடையாது. நாலு கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் தண்ணீரின் மறுமுனையில் மலை செங்குத்தாக எழுந்து நிற்கும். ஏறமுடியாதவர்களுக்கு வோகல் கேபிள் கார் இருக்கிறது. சில நிமிடங்களில் 1,535 மீட்டர் உயரத்தில் இறக்கிவிடும், வானம் தெளிவாக இருந்தால் நாட்டுக் கொடியில் இடம்பெற்ற திரிக்லவ் சிகரம் (2,864 மீட்டர்) எதிரே தெரியும். அம்மா அங்கே பெஞ்சில் உட்கார்ந்தபடி ஒரு மத்தியானத்தையே கழித்தார்.

மலைப் பக்கம் நடக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். பாதைக் குறி ஒன்றுதான்: சிவப்பு வளையத்துக்குள் வெள்ளைப் புள்ளி, மரத்திலோ பாறையிலோ வரைந்திருக்கும். கொஞ்ச நேரமாக அது கண்ணில் படவில்லையென்றால் கடைசியாகப் பார்த்த இடத்துக்குத் திரும்பிவிடுங்கள். உயரத்தில் இருக்கும் மலைக் குடில்களில் பல ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரைதான் திறந்திருக்கும். அவசரத்துக்கு 112. இன்னொன்று, போஹின் பக்கம் மழை அதிகம். ஏட்ரியாட்டிக்கிலிருந்து வரும் மேகம் முதலில் மோதும் மலைச்சுவர் இதுதான். கோடையிலும் மழைக்கோட்டு இல்லாமல் கிளம்பவே கூடாது.

போஹினிலிருந்து சோச்சா ஆற்றுப் பள்ளத்தாக்குக்குப் போக இரண்டு வழி. பேர்பெற்றது வெர்ஷிச் கணவாய். கிரான்ஸ்கா கோராவிலிருந்து ஏறி 1,611 மீட்டர் தொட்டு மறுபக்கம் இறங்கினால் மொத்தம் 50 கொண்டையூசி வளைவுகள். வடபக்கத்து வளைவுகளில் இன்னும் கல் பாவிய தரைதான், மழையில் வழுக்கும். முதல் உலகப்போரில் ரஷ்யப் போர்க்கைதிகளை வைத்துப் போட்ட சாலை இது. 1916 மார்ச்சில் பனிச்சரிவு விழுந்து அவர்களில் ஏராளமானோர் புதைந்து போனார்கள். அவர்களுக்காக எழுப்பிய சின்ன மரக்கோயில் சாலையோரம் நிற்கிறது. வண்டியை நிறுத்தி இறங்காமல் போகவேண்டாம். குளிர்காலத்தில் பனி விழுந்தால் கணவாயை மூடிவிடுவார்கள்.

மற்றொரு வழி ரயில். போஹின்ஸ்கா பிஸ்த்ரிட்சா நிலையத்தில் காரை ரயில் பெட்டி மேல் ஏற்றிவிட்டால், ஆறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் மலைச்சுரங்கம் வழியாகப் புகுந்து மோஸ்ட் நா சோச்சியில் இறக்கிவிடும். ஒரு மணி நேரம்கூட ஆகாது. வளைவுச் சாலை தலைசுற்றலைத் தருகிறவர்களுக்கும் குழந்தைகளோடு வருகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். ஒரு நாளைக்குச் சில வண்டிகள்தான், பராமரிப்புக்காகப் பாதையை நிறுத்திவைக்கும் மாதங்களும் உண்டு. எனவே முந்தின நாளே ரயில்வே தளத்தில் நேரத்தைப் பார்த்துவிடுங்கள். கார் இல்லாதவர்கள் இதே பாதையில் சாதாரண ரயிலில் போகலாம். 1906ல் திறந்த பாதை இது. கடைசியில் சோல்கான் என்ற இடத்தில் ஆற்றைக் கடக்கும் 85 மீட்டர் அகலக் கல் வளைவுதான் உலகின் ரயில் பாலங்களிலேயே மிகப்பெரிய கல் வளைவு. ரயிலுக்குள்ளிருந்து அது தெரியாது. பார்க்க ஆசையென்றால் இறங்கி ஆற்றங்கரைக்குத்தான் போகவேண்டும்.

சோச்சா பச்சை கலந்த நீல நிறம். மேகம் மூடிய நாளிலும் அந்த நிறம் மங்குவதில்லை. கோடையிலும் காலை வைத்தால் எலும்பு வரை சில்லிடும். போவெட்ஸ் ஊரில் ராஃப்டிங், கயாக்கிங் எல்லாம் நடக்கும், இளைஞர்கள் அங்கே தங்குவார்கள். நான் கொபாரிட்டில் தங்கச் சொல்வேன். அதற்குக் காரணம் ஆறு இல்லை, போர்.

1915 மே முதல் 1917 இலையுதிர் காலம் வரை இத்தாலியும் ஆஸ்திரிய-ஹங்கேரியும் இந்தப் பள்ளத்தாக்கை ஒட்டிய மலைகளில் பன்னிரண்டு பெரும் சண்டைகள் போட்டன. பன்னிரண்டாவது சண்டையில்தான், 1917 அக்டோபர் 24 அன்று, இத்தாலியின் அணி கொபாரிட் அருகே உடைந்தது. ஊருக்குள் இருக்கும் போர் அருங்காட்சியகம் சின்னது. ஆனால் நான் ஐரோப்பாவில் பார்த்தவற்றில் இவ்வளவு நேர்மையான போர் அருங்காட்சியகம் வேறில்லை. யார் வென்றார்கள் என்று அது பேசுவதில்லை. பனியில் விரல் இழந்தவர்கள், நச்சுப் புகையில் செத்தவர்கள், குகைக்குள் மாதக்கணக்கில் குந்தியிருந்தவர்கள் என்று எல்லாப் பக்கத்துச் சிப்பாய்களின் படங்களும் அருகருகே இருக்கின்றன.

அதைப் பார்த்த பிறகு ஊருக்கு மேலே ஏறும் வரலாற்றுப் பாதையில் நடங்கள். சுமார் ஐந்து கிலோமீட்டர் சுற்று. முதலில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட இத்தாலியச் சிப்பாய்களின் எலும்புகளை அடக்கிய மூன்றடுக்கு நினைவிடம். புனித அந்தோனியார் கோயிலைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். சுவர் முழுக்கப் பெயர்கள். பிறகு காட்டுக்குள் இத்தாலியர் வெட்டிய பதுங்குகுழிகள் வரும். உள்ளே இறங்கி நின்றால் மார்பளவு கல் சுவர், அதன் இடுக்கில் துப்பாக்கி நீட்டும் துளை, துளை வழியாக ஆறு. அங்கிருந்து தொங்குபாலத்தில் ஆற்றைக் கடந்து, பாசி படர்ந்த பாறைக் குடைவுக்குள் விழும் கோஸ்யாக் அருவியைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். அந்தக் குழிக்குள் நின்ற பிறகு எனக்கு இந்த ஆற்றை வெறும் அழகாகப் பார்க்க முடியவில்லை. மகனுக்கு அப்போது பள்ளியில் உலகப்போர் பாடம். புத்தகத்தில் இல்லாத கேள்விகளை எல்லாம் வழி நெடுகக் கேட்டுக்கொண்டே வந்தான். மாலை ஆறு மணிக்குப் பிறகு அந்தப் பாதையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. ஊரில் தங்கியிருந்ததால் கிடைத்த மாலை அது.

தெற்கே வந்தால் நிலமே வேறு. ஆறுகள் மேலே ஓடாது, திடீரென்று பாறைக்குள் புகுந்து மறைந்துவிடும். கார்ஸ்ட் எனப்படும் இந்தச் சுண்ணாம்புப் பாறை மேட்டு நிலத்து வீடுகளுக்குக் கனமான கல் சுவர், சின்ன ஜன்னல். வடகிழக்கிலிருந்து வீசும் புர்யா காற்றுதான் காரணம். விபாவா பள்ளத்தாக்கில் ஓடு பறக்காமலிருக்க அதன் மேல் கல் வைத்திருப்பார்கள். புர்யா பலமாக வீசும் நாளில் அந்தப் பக்கத்து நெடுஞ்சாலையில் லாரிகளை நிறுத்திவிடுவார்கள். கூரை மேல் பெட்டி வைத்த கார் என்றால் நீங்களும் வானிலை எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

பொஸ்தோய்னாவா, ஷ்கோட்சியானா? குகை என்று வந்தால் எல்லாரும் கேட்கும் கேள்வி இது. கால் வலி, குழந்தை, வயதானவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், பொஸ்தோய்னாதான். ஐந்து கிலோமீட்டர் சுற்றில் 3.7 கிலோமீட்டரைக் குகைக்குள் ஓடும் சின்ன ரயிலே கடத்திவிடும். 1872லிருந்து அங்கே தண்டவாளம் இருக்கிறது. மீதி நடை, நல்ல தரை. வெளிறிய தோலும் பார்வையற்ற கண்ணும் கொண்ட ஓல்ம் என்ற குகை நீர்வாழ் உயிரியை அங்கே தொட்டியில் பார்க்கலாம். வருடக்கணக்கில் உணவில்லாமல் தாக்குப்பிடிக்கும் பிராணி அது.

நன்றாக நடக்க முடிந்தவர்கள் ஷ்கோட்சியானை விட்டுவிடக் கூடாது. 1986லேயே யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த குகைகள். வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள், ஏறி இறங்க ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகள். முதல் பகுதி சாதாரணச் சுண்ணாம்புக் குகை போலத்தான் இருக்கும். பிறகு எங்கோ கீழிருந்து ஓர் இரைச்சல் கேட்கத் தொடங்கும். ஒரு திருப்பம் தாண்டியதும் தரை முடிந்துபோகும். எதிரே பூமிக்கு அடியில் ஒரு மலைப்பிளவு, அதன் அடியில் ரேகா ஆறு. ஆற்றுக்கு நாற்பத்தைந்து மீட்டர் உயரத்தில் ஒரு பாலம், அதைத்தான் நாம் கடக்க வேண்டும். பாலத்தின் நடுவில் நின்று எதிர்ச் சுவரைப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் விளக்கும் கயிறுமாக வந்து இந்தக் குகையை ஆராய்ந்தவர்கள் பாறையில் கொத்திய கால்தடம் அளவுப் படிகள் இன்னும் தெரியும். இங்கே மறையும் ஆறு, முப்பது கிலோமீட்டருக்கும் மேல் நிலத்தடியில் ஓடி இத்தாலியில் கடலோரமாக வெளியே வருகிறது. உள்ளே கோடையிலும் 12 டிகிரிதான். ஸ்வெட்டர் வேண்டும், ரப்பர் அடி போட்ட ஷூ வேண்டும். அருகிலுள்ள ரயில் நிலையம் திவாச்சா.

இதே பக்கத்தில் செர்க்னிட்சா ஏரி என்று ஒன்று உண்டு. மழைக்காலத்தில் இருபது சதுர கிலோமீட்டருக்கு மேல் விரியும் ஏரி, கோடையில் பாறை ஓட்டைகள் வழியாக வடிந்து புல்வெளியாகிவிடும். யான் வால்வசோர் என்ற அறிஞர் பதினேழாம் நூற்றாண்டிலேயே இதை ஆராய்ந்து எழுதியதால் லண்டன் ராயல் சொசைட்டி அவரை 1687ல் உறுப்பினராக்கியது. ஆகஸ்டில் போய் ஏரியைத் தேடாதீர்கள். வசந்தத்தில் போங்கள்.

கடற்கரையில் பிரான் ஊரைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள், எழுத வேண்டிய ஊர்தான். நுனியில் கூம்பிய நிலத்துண்டு, குறுகிய சந்துகள், வெனிஸ் பாணி மணிக்கூண்டு. ஊரின் நடுச் சதுக்கம் ஒரு காலத்தில் படகுத்துறை. 1894ல்தான் அதைத் தூர்த்தார்கள். வயலின் மேதை ஜுசெப்பே தார்தினி 1692ல் பிறந்தது இங்கேதான், சதுக்கமும் அவர் பெயரில். ஊருக்குள் வெளியூர்க் கார்களை விடமாட்டார்கள். வெளியே உள்ள வாகனக் காப்பகத்தில் நிறுத்திவிட்டு நடக்கவோ பஸ் ஏறவோ வேண்டும். பெட்டியைச் சின்னதாகக் கட்டிக்கொள்ளுங்கள். மணல் கடற்கரையை எதிர்பார்த்துக் குழந்தைகளிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். இங்கே சிமெண்டுத் திட்டிலிருந்து நேராகத் தண்ணீருக்குள் இறங்குவதுதான் வழக்கம்.

எனக்கு மனதில் நின்றது அதற்குத் தெற்கே உள்ள செச்சோவ்லியே உப்பளம். அம்மாவின் அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர். ஐரோப்பாவில் எத்தனையோ அரண்மனைகளையும் தேவாலயங்களையும் மரியாதையாகப் பார்த்துவிட்டு நகர்ந்த அம்மா, இங்கே மட்டும் கிளம்ப மறுத்தார். பாத்திகள், வரப்பு, மதகு, வெயில், கண் கூசும் வெளுப்பு எல்லாம் அவருக்குத் தெரிந்தவை. தெரியாதது பாத்தியின் அடி. பழுப்பும் பச்சையுமாக, தொட்டால் வழவழவென்று ஒரு மெல்லிய படலம். பாசியும் ஜிப்சமும் சேர்ந்து உருவாகும் உயிருள்ள தோல் அது, பெட்டோலா என்கிறார்கள். பதினான்காம் நூற்றாண்டில் குரோஷியாவின் பாக் தீவிலிருந்து இந்த முறை வந்தது. அந்தப் படலம் இருப்பதால் உப்பு சேற்றில் ஒட்டுவதில்லை, வெள்ளையாகவே வருகிறது. குளிர்காலம் முழுக்க அதைத் தண்ணீருக்கடியில் வைத்துப் பராமரிப்பதே தனி வேலை. வாருவது இன்றும் கையால்தான்: நீண்ட பிடி வைத்த மரப்பலகையால் இழுத்துக் குவித்து, தண்டவாளத்தில் ஓடும் மரவண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போகிறார்கள்.

அம்மா குனிந்து நெடுநேரம் பார்த்தார். "நம்ம பாத்தியில மண்ணு கலந்துராம வாரத்தான் கை பழகணும்பாங்க தாத்தா. இவங்க மண்ணுக்கே ஒரு தோல் போர்த்தி வச்சிருக்காங்களே" என்றார். பக்கத்தில் நின்ற வழிகாட்டிப் பெண்ணிடம் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். தூத்துக்குடியில் பாத்தியின் அடியை எப்படிக் கெட்டிப்படுத்துவார்கள் என்று அவர் கேட்க, களிமண்ணை மிதித்து இறுக்குவதை அம்மா காலாலேயே செய்து காட்டினார். நான் பிறகு மொழிபெயர்க்கவே தேவைப்படவில்லை.

உப்பளத்துக்கு இரண்டு பகுதிகள் உண்டு. லேரா பக்கம் இன்றும் உப்பு எடுக்கிறார்கள். வாருவதைப் பார்க்கக் கோடை மாதங்களில், மழை பெய்யாத சில நாட்களுக்குப் பிறகு போகவேண்டும். ஃபொன்தானிஜே பக்கம் கைவிடப்பட்ட பாத்திகளும் இடிந்த உப்பள வீடுகளும் சின்ன அருங்காட்சியகமும் இருக்கின்றன. பறவை பார்ப்பவர்களுக்கு அதுதான் சரி. இரண்டிலும் நிழல் கிடையாது. தொப்பியும் தண்ணீரும் கட்டாயம்.

கோரிஷ்கா பெர்தாவின் திராட்சைக் குன்றுகள், 1580லிருந்து குதிரை வளர்க்கும் லிபிட்சா, இத்தாலிய நகரோடு ஒரே சதுக்கத்தைப் பகிர்ந்துகொள்ளும் நோவா கோரிட்சா எல்லாமே இந்த மேற்குப் பக்கம்தான். நேரம் இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். நேரம் குறைவென்றால் இவற்றை விட்டுவிட்டுக் கிழக்கே போங்கள் என்பேன். கிழக்கைத்தான் நம்மவர்கள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

மரிபோரில் ஆற்றங்கரை வீட்டுச் சுவரில் படர்ந்திருக்கும் நானூறு வயது தாண்டிய திராட்சைக் கொடி இன்னும் காய்க்கிறது. உலகிலேயே வயதான கொடி என்று கின்னஸ் பதிவு அதற்கு உண்டு. ப்டுயி நாட்டின் மிகப் பழைய நகரம். பிப்ரவரி வாக்கில் நடக்கும் திருவிழாவில் ஆட்டுத்தோல் போர்த்தி, இடுப்பில் கனமான மணிகள் கட்டி, குளிர்காலத்தை விரட்ட ஆடுகிற குரென்ட் வேடக்காரர்களைப் பார்க்கலாம். அறைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

முரா ஆற்றைத் தாண்டினால் ப்ரெக்முரியே. மலையை எங்கும் காணோம். சோள வயல், பூசணி வயல், நீண்ட தாழ்வான வீடுகள், மின்கம்பத்தின் மேல் செங்கால் நாரைக் கூடுகள். லெண்டாவா பக்கத்தில் பெயர்ப் பலகைகளில் ஹங்கேரிய மொழியும் இருக்கும். நாங்கள் ஒரு பண்ணை வீட்டில் தங்கினோம். ஸ்லோவேனியாவில் இப்படிச் சாப்பாட்டோடு அறை தரும் பண்ணைகள் எல்லாப் பகுதிகளிலும் உண்டு, குடும்பமாகப் போகிறவர்களுக்கு ஹோட்டலைவிட அதுதான் நல்லது. அந்த வீட்டம்மா கிபானிட்சா வெட்டி வைத்தார். கசகசா, தயிர்க்கட்டி, வால்நட், ஆப்பிள் என்று அடுக்கு மேல் அடுக்காக வைத்துச் சுட்ட பண்டம். அம்மா ஒவ்வோர் அடுக்காகப் பிரித்து என்ன என்ன என்று கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். இரண்டு பேருக்கும் பொது மொழி கிடையாது, ஆனால் கசகசாவை எவ்வளவு நேரம் அரைப்பது என்பது வரை பேசி முடித்துவிட்டார்கள். அடர் பச்சையில் பூசணி விதை எண்ணெய் ஒரு பாட்டில் கொடுத்தனுப்பினார். அதைச் சூடாக்கக் கூடாது, சாலட் மேலோ உருளைக்கிழங்கு மேலோ அப்படியே ஊற்ற வேண்டும்.

சைவம் என்றால் இந்த நாட்டில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை, ஆனால் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். தானியத்தின் பெயர் மட்டும் போட்டிருக்கும் கஞ்சி வகைகளிலும் பொரித்த பன்றிக் கொழுப்பைத் தூவித் தருவார்கள். கார்ஸ்ட் பகுதியின் யோட்டா சூப்பில் பீன்ஸும் புளித்த முட்டைக்கோசும்தான் பிரதானம் என்றாலும் உப்புக்கண்டம் போட்டு வேகவைப்பது வழக்கம். "ப்ரெஸ் மேசா" என்றால் இறைச்சி வேண்டாம், "ப்ரெஸ் ஸ்லானினே" என்றால் பன்றிக் கொழுப்பு வேண்டாம். இரண்டையும் சொல்லுங்கள். ஷ்ட்ருக்லி என்ற சுருட்டி வேகவைத்த மாவுப் பண்டம், தயிர்க்கட்டி வைத்தது, எல்லா ஊரிலும் நம்பிச் சாப்பிடலாம். குழாய்த் தண்ணீரை எங்கும் குடிக்கலாம். குடிநீரை 2016ல் அரசியல் சட்டத்திலேயே உரிமையாக எழுதி வைத்த நாடு.

ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட்டுகள் மூடியிருக்கும். பெட்ரோல் பங்க் கடைகளும் சில சின்னக் கடைகளும்தான் திறந்திருக்கும், அதனால் சனிக்கிழமையே பால், ரொட்டி வாங்கிவிடுங்கள். அதே ஞாயிறு கிராமப்புற பஸ்களும் வெகுவாகக் குறைந்துவிடும். கார் இல்லாமல் போகிறவர்கள் ஊர் மாறும் நாளை ஞாயிறில் வைக்காதீர்கள். லியுப்லியானா, பிளெட், போஹின், பொஸ்தோய்னா, மரிபோர் வரை பஸ், ரயில் போதும். சோச்சா பள்ளத்தாக்குக்கும் ப்ரெக்முரியே கிராமங்களுக்கும் கார் இருந்தால்தான் நிம்மதி.

காரில் நுழைகிறவர்கள் நெடுஞ்சாலைக்கு விக்னெட் என்ற மின்னணுச் சாலைக் கட்டணச் சீட்டு வாங்க வேண்டும். எல்லைக்கு முன்பே ஆன்லைனில் வாங்கிவிடலாம். இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 300 யூரோவில் தொடங்கும். ஆஸ்திரியாவிலிருந்து கரவாங்கன் சுரங்கம் வழியாக வந்தால் அதற்குத் தனிக் கட்டணம். பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும். நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயரோ, சாதாரண டயர் என்றால் வண்டியில் பனிச் சங்கிலியோ கட்டாயம்.

இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் வியன்னா, வெனிஸோடு சேர்த்துத்தான் ஸ்லோவேனியாவை வைக்கிறார்கள். அதிக இரவுகள் எந்த நாட்டில் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே இரவுகளை முதலில் எண்ணிக்கொண்டு அப்புறம் விமானச் சீட்டு பாருங்கள். ஒரு வாரம் கிடைத்தால் என் பங்கீடு இப்படி: லியுப்லியானாவில் ஓர் இரவு, போஹினில் இரண்டு, கொபாரிட்டில் ஒன்று, கடலோரத்தில் ஒன்று, கிழக்கே இரண்டு. வெனிஸிலிருந்து வந்தால் கடலில் தொடங்கி வியன்னா பக்கம் கிழக்கில் முடியுங்கள். வியன்னாவிலிருந்து வந்தால் தலைகீழாக. போஹின் இரவுகளை மட்டும் கடைசி நேரம் வரை ரத்து செய்யக்கூடிய அறையாகப் பதிவு செய்யுங்கள். வானிலை அறிக்கை மலைக்கு மழை என்று சொன்னால் கடலோர இரவை முன்னால் இழுத்துக்கொள்ளலாம். நாரைகளைப் பார்க்க வேண்டுமென்றால் ஏப்ரலுக்கும் ஆகஸ்ட் நடுவுக்கும் இடையே கிழக்கே போய்விட வேண்டும். அதற்குப் பிறகு அவை ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பிவிடும்.